சாயம் வெளுத்த கதை

நீலச் சாயத் தொட்டியில் விழுந்த நரியின் கதை எல்லோருக்கும் தெரியும். காட்டு மிருகங்கள் எல்லாம் அந்த நரியைத் தேவலோகத்திலிருந்து இறங்கி வந்த ராஜா என்று எண்ணிக் கைகட்டி நின்றன. பிறகு குட்டு வெளிப்பட்டுவிட்டது. எப்படி வெளிப்பட்டது என்பதில்தான் இரண்டு கட்சி. சம்ஸ்கிருதப் பஞ்சதந்திரத்தில், தன் இனத்தாரின் ஊளையைக் கேட்ட நரி மெய்ம்மறந்து தானும் ஊளையிட்டு அகப்பட்டுக் கொள்கிறது. நம் பாட்டிமார்கள் சொல்லும் கதையிலோ மழை பெய்கிறது. சாயம் வெளுத்துப் போகிறது.

எனக்குப் பாட்டி கட்சிதான் பிடிக்கும். கெட்டிக்கார நரியாக இருந்தால் ஊளையிடாமல் வாயை மூடிக்கொண்டு காலம் தள்ளிவிட முடியும். வெயிலையும் மழையையும் யாரால் ஏமாற்ற முடியும்?

இந்த வெயிலோடும் மழையோடும் மோட்டார் கார் செய்கிறவர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக மல்லுக்கு நிற்கிறார்கள். தோற்றுப் போனவர்களின் கார்களை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். கூரையிலும், எஞ்சினை மூடியிருக்கும் பானெட்டிலும் வெள்ளை வெள்ளையாகத் தேமல் படர்ந்திருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் அது தேமல் அல்ல. கண்ணாடிக் காகிதம் போன்ற ஒரு மெல்லிய தோல், பாம்பு சட்டை உரிப்பது போல் உரிந்து தொங்கும். அல்லது கோடையில் வற்றிய ஏரியின் மண்ணைப் போல் பாளம் பாளமாக வெடித்திருக்கும். காரின் சொந்தக்காரர் காக்கையைத் திட்டுவார். தெரு ஓரத்து வேப்பமரத்தைத் திட்டுவார். கார் கழுவும் பையன் எந்தச் சோப்பைப் போட்டானோ என்று அவனையும் திட்டுவார். இந்த மூவரும் சேர்ந்தாலும் அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட முடியாது. அந்தத் தேமலுக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. அதில் யுத்தம் வருகிறது, வெடிமருந்து வருகிறது, அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வருகிறது, கடைசியில், மிச்சம் பிடிப்பதற்காகக் கைவிட்ட ஒரே ஒரு பூச்சும் வருகிறது.

மோட்டார் கார் பிறந்தபோது அதற்கென்று தனியாக ஒரு வர்ணம் பிறக்கவில்லை. குதிரை வண்டிக்குப் பூசிய வர்ணத்தையே இதற்கும் பூசினார்கள். ஆளி விதை எண்ணெயில் மரப் பிசினைப் போட்டுக் காய்ச்சி, கர்ப்பூரத் தைலம் விட்டு இளக்கிய வார்னிஷ் அது. மேல்நாட்டு வண்டிப் பட்டறைகளில் இந்த வேலை ஒரு தவம் மாதிரி நடந்தது. முதலில் ஒரு பூச்சு. அது காய்ந்த பிறகு பள்ளங்களை நிரப்பப் பட்டி. பிறகு படிக்கல்லும் தண்ணீரும் கொண்டு தேய்த்து மழமழப்பாக்குவது. மறுபடியும் ஒரு பூச்சு, மறுபடியும் தேய்ப்பு. அதற்கு மேல் நிறம். நிறத்துக்கு மேல் வார்னிஷ். எல்லாம் கையில் தூரிகை பிடித்துச் செய்கிற வேலை. ஈயும் தூசியும் வந்து ஒட்டிவிடாதபடி கதவு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

எண்ணெய் வர்ணம் காய்வது என்பது கொடியில் போட்ட வேஷ்டி காய்வது போன்றதல்ல. வேஷ்டியிலுள்ள ஈரம் ஆவியாகிப் போய்விடுகிறது. அத்தோடு காரியம் முடிந்தது. எண்ணெயோ காற்றிலிருந்து பிராணவாயுவை வாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல இறுகுகிறது. அதை அவசரப்படுத்த முடியாது. ஒரு காருக்கு வர்ணம் அடித்து முடிக்க மூன்று வாரம், நான்கு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆயிற்று.

இவ்வளவு பாடுபட்டும் பலன் நிலைத்ததா என்றால், இல்லை. பிராணவாயுவை வாங்கத் தொடங்கிய எண்ணெய், போதும் என்று ஓர் இடத்தில் நிறுத்திக்கொள்வதில்லை. வெயில் படப்பட மேலும் இறுகுகிறது, மஞ்சளாகிறது, கடைசியில் வெடிக்கிறது. அந்தக் காலத்து வர்ணக்காரர்களுக்கு ஒரு விதி தெரிந்திருந்தது: அடியில் இருப்பது இளக்கமாகவும் மேலே இருப்பது விறைப்பாகவும் இருந்தால் மேல் பூச்சு வெடிக்கும். ஐரோப்பாவின் எண்ணெய்ச் சித்திரக்காரர்களும் இந்த விதியைக் கைக்கொண்டார்கள். அப்படியிருந்தும் அவர்களுடைய பழைய ஓவியங்களின் முகங்களில் சிலந்தி வலை போன்ற மெல்லிய வெடிப்புகளை இன்றும் காணலாம். வண்டிக்காரர்கள் வேறு வழியில்லாமல், வார்னிஷ் மங்கும்போதெல்லாம் வண்டியைத் திரும்பப் பட்டறைக்கு அனுப்பினார்கள். வண்டி வைத்துக்கொள்வது பணக்காரர்களுக்கு மட்டுமே கட்டுபடியான காலமாதலால் இது பெரிய குறையாகத் தோன்றவில்லை.

அந்தக் காலத்தை முடித்து வைத்தவர் ஹென்றி போர்டு. 1908ஆம் ஆண்டில் அவருடைய மாடல் டி கார் வெளிவந்தது. 1913ல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் வரிசை முறையை ஏற்படுத்தினார். அதற்கு முன்பு ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டி முடிக்கப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது. புதிய முறையில் அது 93 நிமிஷத்துக்கு வந்து சேர்ந்தது.

இங்கேதான் ஒரு வேடிக்கையான சங்கடம் முளைத்தது. ஒன்றரை மணி நேரத்தில் கார் தயார். அதன் மேனி காய்வதற்கு ஒரு மாதம்! ஒரு நாளைக்கு ஆயிரம் கார் செய்கிற தொழிற்சாலையில் ஒவ்வொரு காரும் முப்பது நாள் காய வேண்டும் என்றால், எந்த நேரத்திலும் முப்பதாயிரம் கார்கள் கூரைக்கடியில் சும்மா நின்றுகொண்டிருக்க வேண்டும். சோற்றை ஐந்து நிமிஷத்தில் வடித்துவிட்டு, இலை தளிர்ப்பதற்காக வாழை மரத்தடியில் உட்கார்ந்திருப்பது போல்தான்.

போர்டு இதற்குக் கண்ட வழி கறுப்பு. நிலக்கீல் கலந்த கறுப்பு எனாமலில் இரும்புப் பாகங்களை முக்கியோ, மேலே ஊற்றி வழியவிட்டோ எடுத்து, சூளையில் வைத்துச் சுட்டால் சீக்கிரம் இறுகிவிடும். விலையும் மலிவு, உழைப்பும் அதிகம். 1914 முதல் 1925 வரை மாடல் டி கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. கறுப்பைத் தவிர வேறு எதுவும் கேட்காதீர்கள் என்ற பொருளில் போர்டு சொன்ன ஹாஸ்யம் உலகப் பிரசித்தமானது. அதைச் சிலர் பிடிவாதம் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது காய்கிற நேரத்துக்கும் விலைக்கும் போட்ட கணக்கு.

இனி, கதையில் வெடிமருந்து வருகிறது.

1846ஆம் ஆண்டில், ஸ்விட்ஸர்லாந்து தேசத்துப் பாஸல் நகரில் கிறிஸ்தியான் ஷோன்பைன் என்ற ரசாயனப் பேராசிரியர் ஒரு விசித்திரமான பொருளை உலகுக்கு அறிவித்தார். வீட்டுச் சமையலறையில் பரிசோதனை செய்துகொண்டிருந்தவர் அமிலங்களைக் கொட்டிவிட்டார் என்றும், பயத்தில் மனைவியின் பருத்தி மேலாடையை எடுத்துத் துடைத்து அடுப்பருகே உலர்த்தினார் என்றும், அது பளிச்சென்று எரிந்து மாயமாய் மறைந்தது என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியானாலும், பருத்தியை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் நனைத்தால் அது வெடிபஞ்சு ஆகிறது என்பது உண்மை. இதிலிருந்துதான் புகையில்லாத துப்பாக்கி மருந்து வந்தது. அமிலத்தில் சற்று மிதமாகப் பக்குவப்படுத்திய அதே பஞ்சிலிருந்து சினிமாப் படச்சுருளும் வந்தது. பழைய சினிமாக் கொட்டகைகள் அடிக்கடி தீப்பற்றி எரிந்ததற்கு இந்த உறவு ஒரு காரணம்.

முதல் உலக யுத்தத்தில் நேச நாடுகளுக்கு வேண்டிய துப்பாக்கி மருந்தில் பெரும் பங்கை அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி செய்து கொடுத்தது. 1918ல் யுத்தம் நின்றது. மலைபோல் ஆலைகள், மலைபோல் லாபம், மருந்தை வாங்க ஆளில்லை. யுத்தம் முடிவதற்கு முன்பே டூபாண்ட் குடும்பத்தார் தங்கள் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு ஜெனரல் மோட்டார்ஸ் என்ற கார் கம்பெனியின் பங்குகளில் ஏறக்குறைய 23 சதவீதத்தை வாங்கியிருந்தார்கள். ஒரு கையில் வெடிபஞ்சு. இன்னொரு கையில் காய மாட்டேன் என்கிற கார்கள். இரண்டையும் சேர்த்து வைக்க ஒரு தரகர்தான் தேவை.

வெடிபஞ்சைத் திராவகத்தில் கரைத்தால் வர்ணம் ஆகும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். பிராணவாயுவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. திராவகம் பறந்ததும் வர்ணம் இறுகிவிடும். ஆனால் ஒரு கஷ்டம். கொஞ்சம் பஞ்சைப் போட்டாலே கரைசல் தேன்பாகு போல் ஆகிவிடும். தெளிக்கிற பதத்துக்கு இளக்கினால் அதில் சரக்கே இராது. எத்தனை தடவை அடித்தாலும் கனமான பூச்சு ஏறாது. 1920ஆம் ஆண்டின் கோடையில், நியூ ஜெர்ஸி மாகாணத்துப் பார்லின் என்ற ஊரிலிருந்த டூபாண்ட் ஆலையில் ஒரு பீப்பாய்க் கரைசல் தற்செயலாக வெயிலில் கிடந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தபோது அது பாகாக இல்லை, ரசமாக இளகியிருந்தது. அப்படியும் அதில் பஞ்சின் அளவு குறையவில்லை. வேண்டாத விருந்தாளி போல் வந்த அந்த மாறுதலை ரசாயனிகள் விரட்டவில்லை. கூர்ந்து கவனித்தார்கள். கனமாகவும் அடிக்கலாம், சடுதியில் காயவும் காயும் என்ற வர்ணம் அதிலிருந்து பிறந்தது. அதற்கு டூக்கோ என்று பெயர் வைத்தார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவராக இருந்தவர் சார்லஸ் கெட்டரிங். சாவியைத் திருகினால் கார் கிளம்புகிற சௌகரியத்துக்கு நாமெல்லாம் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். அவர் ஒருநாள் வர்ண நிபுணர்களைக் கூட்டி, வாரக்கணக்கில் ஆகிற வேலையை எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டாராம். யோசித்து, ஒருசில நாட்கள் குறைக்கலாம் என்றார்களாம். அவரோ ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டும் என்றாராம். நிபுணர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். நம்பாத ஒருவரை அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்து, பேச்சுவாக்கில் எந்த நிறம் பிடிக்கும் என்று விசாரித்தார் என்றும், சாப்பிட்டு வெளியே வந்தவர் தம் காரைக் காணாமல் திகைத்தபோது, கேட்ட நிறத்தில் நின்ற காரைக் கெட்டரிங் சுட்டிக் காட்டினார் என்றும் இன்னொரு கதை உண்டு. நாவலாசிரியர்கள் பொறாமைப்பட வேண்டிய கதை!

கதை எப்படியோ, 1923ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லண்ட் காரை டூக்கோ பூசிச் சந்தைக்குக் கொண்டு வந்தது. அதன் நிறம் என்ன தெரியுமா? நீலம். அதற்கு ‘உண்மை நீலம்’ என்று விளம்பரப் பெயர் வேறு சூட்டினார்கள். சாயத் தொட்டி நரி கேட்டிருந்தால் மிகவும் சந்தோஷப்பட்டிருக்கும்.

வாரக்கணக்கான வேலை மணிக்கணக்காயிற்று. காரின் நிறம் என்பது பணக்காரர்களின் தனிச் சொத்தாக இருந்தது போய் எல்லோருக்கும் கிடைத்தது. 1927ல் ஜெனரல் மோட்டார்ஸ் கலைக்கும் வர்ணத்துக்கும் என்றே ஓர் இலாகாவைத் திறந்து, ஹார்லி ஏர்ல் என்பவரை அதற்குத் தலைவராக்கியது. அதே ஆண்டில் மாடல் டி ஓய்வு பெற்றது. கறுப்பின் ராஜ்யம் முடிந்தது. ‘போன வருஷத்து நிறம்’ என்ற புது வருத்தம் மனித ஜாதிக்கு உண்டாயிற்று.

உலகத்தின் மறு கோடியிலிருந்த நம் ஊர்ப் பட்டறைகளுக்கும் அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. எந்தக் கம்பெனிச் சரக்காக இருந்தாலும், குழல் கொண்டு தெளிப்பதற்கு ‘டூக்கோ அடிப்பது’ என்றே இங்கு பெயர் நிலைத்துவிட்டது. நாம் கொடுத்ததற்கு ஒரு பதில் மரியாதை என்று இதை வைத்துக்கொள்ளலாம். இந்த ஜாதி வர்ணத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘லாக்கர்’ என்ற சொல் நம் தேசத்து ‘லாக்ஷா’விலிருந்து போனது. லாக்ஷா என்றால் அரக்கு. பாண்டவர்களைக் குடிவைத்துக் கொளுத்தப் பார்த்தார்களே, அந்த அரக்கு மாளிகையின் அரக்கு. பெயரில் மட்டுமா பொருத்தம்? வெடிபஞ்சு வர்ணமும் தீயைக் கண்டால் அப்படியே பற்றிக்கொள்ளும்.

டூபாண்டுக்கும் ஜெனரல் மோட்டார்ஸுக்கும் இருந்த உறவு கடைசியில் கோர்ட்டு வரை போயிற்று. அமெரிக்க அரசாங்கம் 1949ல் வழக்குத் தொடுத்தது. பங்கு வைத்திருக்கிற பிடிப்பினால்தானே கார் கம்பெனி தனக்கு வேண்டிய வர்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இவர்களிடம் வாங்குகிறது என்பது கேள்வி. 1957ல் உச்ச நீதிமன்றம் அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. நாற்பது வருஷத்துக் கல்யாணம் ரத்தாயிற்று.

இதற்கிடையில் சூரியன் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தான்.

வெடிபஞ்சு வர்ணம் அவசரத்தில் பிறந்தது, அவசரமாகவே மூப்படைந்தது. வெயிலில் மஞ்சளாயிற்று, சுருங்கிற்று, விறைத்தது. அடியிலுள்ள இரும்போ பகலில் விரிந்து இரவில் சுருங்குகிறது. விறைத்துப் போன தோல் அதற்கு ஈடு கொடுக்க முடியாமல் வெடித்தது. பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்ப அடித்த கார்கள் இன்னும் சீக்கிரம் வெடித்தன. புழுக்கமான நாளில் அடித்தால் வேறு ஒரு வியாதி. திராவகம் வேகமாகப் பறக்கும்போது இரும்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் பனியாக இறங்குகிறது. வர்ணம் விபூதி பூசியது போல் வெளுக்கிறது. பட்டறைகளில் இப்படிப் பல வியாதிகளுக்குப் பெயர் உண்டு. ஆரஞ்சுப் பழத் தோல் போல் குழி குழியாவது ஒன்று. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் அடித்ததால் மீன் கண் போல் வட்ட வட்டமாக விலகுவது ஒன்று. கொப்புளம், வழிசல், சுண்ணாம்பு பூத்தல் என்று ஒரு வைத்தியப் புஸ்தகமே எழுதலாம்.

வைத்தியமும் நடந்தது. 1930களில் சூளையில் சுடுகிற செயற்கைப் பிசின் எனாமல் வந்தது. 1950களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வர்ணம் வந்தது. அது வெயிலை அதிகம் தாங்கியது. 1960களில் போர்டு கம்பெனி, காரின் கூட்டை வர்ணத் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சும் முறையைக் கொண்டு வந்தது. மின்சாரத்தின் இழுப்பினால் வர்ணம் மூலை முடுக்குகளிலெல்லாம் போய் ஒட்டிக்கொண்டது. துருவுக்கு எதிராக மனிதன் செய்த காரியங்களில் இது முக்கியமானது. இந்த அடிப்பூச்சை மறந்துவிடாதீர்கள். கதையின் உச்ச கட்டத்தில் இது வருகிறது.

ஜனங்களுக்கு வெறும் நிறம் போதவில்லை, மினுமினுப்பும் வேண்டியிருந்தது. அலுமினியத்தைச் செதில் செதிலாக்கி வர்ணத்தில் கலந்தார்கள். கார் நட்சத்திரம் போல் ஜொலித்தது. ஆனால் மேலாக மிதந்த செதில்கள் காற்றிலும் மழையிலும் கறுத்தன. அதே சமயத்தில் வேறு ஒரு பக்கத்திலிருந்து நெருக்கடி வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் கண்ணைக் கரிக்கும் மூட்டம் கவிந்துகொண்டிருந்தது. காரின் புகையும் எண்ணெய் ஆவிகளும் வெயிலில் வெந்து அந்த மூட்டம் உண்டாகிறது என்று ஹாகென் ஸ்மிட் என்ற விஞ்ஞானி 1950களின் தொடக்கத்தில் கண்டு சொன்னார். வர்ணத்திலிருந்து பறக்கும் திராவகமும் அந்தப் பாவத்தில் பங்காளி. 1966ல் லாஸ் ஏஞ்சலிஸில் திராவகங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. 1970ல் தேசம் முழுவதற்கும் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. திராவகத்தில் நீந்திய பழைய வர்ணங்களுக்கு நாள் எண்ணப்பட்டது.

இரண்டு நெருக்கடிக்கும் சேர்த்துக் கண்ட பதில்தான் நிறமில்லாத மேல் பூச்சு. பட்டறைகளில் கிளியர் கோட் என்பார்கள். யோசனை மிகவும் அழகானது. இதுவரை ஒரே பூச்சு நிறத்தையும் கொடுத்து, மினுக்கையும் கொடுத்து, வெயிலையும் தாங்கிக்கொண்டிருந்தது. இனி வேலையைப் பிரித்துக் கொடுப்போம். கீழே மெல்லியதாக நிறம். மேலே கண்ணாடி போல் ஒரு காவல். 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் இந்த முறை உலகம் முழுவதும் பரவியது. அதன் பளபளப்பைப் பார்த்தவர்கள் சொக்கிப் போனார்கள். கார் எப்போதும் மழையில் நனைந்தது போலவே நின்றது.

ஒரு காரின் மேனி இப்போது நான்கு அடுக்கு என்று சொல்லலாம். இரும்பை ஒட்டி மின்சார அடிப்பூச்சு. அதன் மேல் இடைப்பூச்சு ஒன்று. பிறகு நிறம். பிறகு காவல். நான்கும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் தேறும். தலைமயிர் ஒன்றின் கனத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அதில் காவல் பூச்சு பாதிக்குக் கிட்ட.

இந்த நான்கில் இடைப்பூச்சு யாருக்கும் தெரியாத ஏழை உறவினர் மாதிரி. நிறம் கொடுப்பதில்லை, மினுக்குவதில்லை, துருவைத் தடுப்பதுகூட மற்றவர் வேலை. ‘இது எதற்கு?’ என்று 1980களில் சில அமெரிக்கத் தொழிற்சாலைகளில் கேள்வி எழுந்தது. ஒரு பூச்சுக் குறைந்தால் பணம் மிச்சம், நேரம் மிச்சம், பறக்கும் திராவகமும் மிச்சம். பல மாடல்களில் இடைப்பூச்சை எடுத்துவிட்டு, அடிப்பூச்சின் மேல் நேரே நிறத்தை அடித்தார்கள்.

வந்தது வினை. மின்சார அடிப்பூச்சு எபாக்ஸிப் பிசினால் ஆனது. அது இரும்பை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் வெயிலைக் கண்டால் பொடியாகும். அதன் தலையில் குடை பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஏழை உறவினர்தான். குடையை எடுத்தவுடன், மெல்லிய நிறத்தினூடே புற ஊதாக் கதிர் ஊடுருவி அடிப்பூச்சின் மேல் முகத்தைச் சுண்ணாம்பாக்கியது. பிடி விட்டது. நிறமும் காவலும் கைகோத்துக்கொண்டு தாள் தாளாகப் பெயர்ந்து பறந்தன. நெடுஞ்சாலையில் ஓடும்போதே காற்றில் உரிந்த கார்கள் உண்டு. வெளிச்சத்தை அதிகம் உள்ளே விடுகிற மினுமினுப்பு நிறங்களுக்குத்தான் ஆபத்து அதிகம்: வெள்ளி, சாம்பல், முக்கியமாக நீலம். ஆம், மறுபடியும் நீலம்!

ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு, கிறைஸ்லர் மூன்று பெரிய கம்பெனிகளின் கார்களிலும் இந்தக் குறை தலைகாட்டியது. 1980களின் நடுவிலிருந்து 1990களின் முதல் பாதி வரை செய்த லட்சக்கணக்கான வண்டிகள் இந்த ஆபத்துக்கு உட்பட்டவை. வாங்கியவர்கள் பிரபுக்கள் அல்ல. மாதத் தவணை கட்டுகிற உபாத்தியாயர்களும் தச்சர்களும் குடியானவர்களும்தான். முறையிடப் போனால், உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அல்லது பழி வெயில் மேல் விழுந்தது. ஆனால் உள்ளுக்குள் கம்பெனிகளுக்கு நோயின் காரணம் தெரிந்திருந்தது. விற்பனையாளர்களுக்குக் குறிப்புகளும் போயிருந்தன. விடாமல் கேட்டவர்களுக்கு மட்டும் இலவசமாக வர்ணம் அடித்துக் கொடுத்தார்கள், வாய் திறவாதவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று கார் வாங்குவோர் சங்கத்தினர் குற்றம் சாட்டினார்கள். இதற்கு ‘ரகசிய உத்தரவாதம்’ என்று பெயர் வைத்தார்கள். 1993ல் கலிபோர்னியா மாகாணம் இதற்கென்று ஒரு சட்டமே செய்தது. உத்தரவாதத்துக்கு அப்பாலும் இலவசமாகப் பழுது பார்ப்பதென்று கம்பெனி தீர்மானித்தால், சம்பந்தப்பட்ட எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் கடிதம் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

வழக்குகளும் நடந்தன. பல மாகாணங்களில் போர்டு கம்பெனி மேல் தொடுத்த வழக்குகளை லூயிசியானாவில் ஒரே நீதிமன்றத்தின் முன் சேர்த்தார்கள். 1998ல் அந்த நீதிமன்றம், இவர்கள் எல்லோருக்குமாக ஒரே கூட்டு வழக்கு நடத்த அனுமதி இல்லை என்றது. மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் வேறு. காருக்குக் கார் காரணம் வேறாக இருக்கலாம் என்பது நியாயம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் உரிந்த கூரைக்கு மறு வர்ணம் அடிப்பதற்காகத் தனி ஆளாக வக்கீல் வைத்துப் பெரிய கம்பெனியோடு வழக்காட எந்த உபாத்தியாயரால் முடியும்? பலர் கையிருப்பைப் போட்டு வர்ணம் அடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் தேமலோடு ஓட்டினார்கள். பாதி விலைக்குத் தள்ளிவிட்டவர்களும் உண்டு. இடைப்பூச்சு கம்பெனிகளுக்கு மிச்சமானது உண்மை; அந்த மிச்சத்துக்கான செலவு வேறு வீடுகளின் கணக்குப் புஸ்தகத்தில் ஏறியது.

இடைப்பூச்சு உள்ள கார்களும் வெடிக்கின்றனவே என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அது காவல்காரனே களைத்துப் போகிற கதை. கண்ணாடி போன்ற மேல் பூச்சுக்குள் இரண்டு விதமான மருந்து கலந்திருக்கிறது. ஒன்று புற ஊதாக் கதிரை விழுங்குகிறது. மற்றொன்று, அந்தக் கதிர் பிசினைக் குலைக்கத் தொடங்கும்போது இடையில் புகுந்து தடுக்கிறது. வருஷக்கணக்கில் வெயிலில் நின்றால் இந்த மருந்து தீர்ந்து போகும். பிறகு பிசினே உடைகிறது, விறைக்கிறது, வெடிக்கிறது. வெடிப்பின் வழியே தண்ணீர் இறங்கி, காவலுக்கும் நிறத்துக்கும் உள்ள ஒட்டுதலைக் கெடுக்கிறது. வெயில் நேரே விழுகிற கூரையும் பானெட்டும் முதலில் போவதும் கதவுகள் பிழைத்திருப்பதும் இதனால்தான். மழையில் கலந்த அமிலமும் உதவி செய்யும். புளோரிடாவில் ஜாக்ஸன்வில் என்றொரு துறைமுக நகரம் உண்டு. அங்கு வெட்ட வெளியில் நின்ற புதுக் கார்களில் மழைத் துளி காய்ந்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு விழுந்தது. அதன் பிறகு வர்ணக் கம்பெனிகள் அமிலத்தைத் தாங்குகிற புதிய பிசின்களைத் தேடி, பரீட்சைக்கு அந்த ஊரையே தேர்ந்தெடுத்தன. புளோரிடாவின் தென் கோடியிலோ, வர்ணம் பூசிய தகடுகளைத் தெற்கு நோக்கிச் சற்றே சாய்த்து ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடத்தி வைக்கிறார்கள். பஞ்சாக்கினி நடுவே தவம் செய்கிற தகடுகள் அவை.

காவல் பூச்சு உரியத் தொடங்கியபின் எந்த மெழுகும் எந்தப் பாலிஷும் அதை ஒட்ட வைக்காது. நல்ல இடம் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடிப்பது ஒன்றே வழி. ‘புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன்’ என்று அழுத்தித் தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் ஏற்கெனவே மெல்லிய அந்தக் காவலில் கொஞ்சம் கரைந்து போகிறது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. நிழலில் நிறுத்துவதற்குச் சமமான மருந்து கிடையாது.

புதிதாக அடிக்கக் கொடுக்கிறவர்கள் அடிக்கிறவரையும் ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும். இந்தக் காலத்து வர்ணத்தில் கடைசி நேரத்தில் ஒரு கெட்டிப்படுத்தும் மருந்தைக் கலக்கிறார்கள். அதிலுள்ள ஐஸோசயனேட் என்ற பொருள் மூச்சோடு உள்ளே போனால் ஆஸ்த்மாவை உண்டாக்கும். வர்ணம் தெளிக்கும் தொழிலாளருக்கு இந்த நோய் வருவது மருத்துவ உலகம் நன்கறிந்த விஷயம். வெளிக்காற்றைக் குழாய் வழியே கொண்டு வரும் முகமூடி அணிந்து அவர் வேலை செய்ய வேண்டும். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்பவரிடம் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவது, அந்த இடைப்பூச்சுக் கணக்கையே நாமும் போடுவதாகும்.

ஒரு மாதம் ஒரு மணி நேரமானது பெரிய காரியம்தான். வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. அது இல்லாவிட்டால் சாதாரண மனிதன் காரில் ஏறியிருக்கவே முடியாது. போர்டின் கறுப்பும், கெட்டரிங்கின் நீலமும் காலத்தை மிச்சம் பிடித்தபோது, அந்த மிச்சத்தில் வாங்குகிறவனுக்கும் பங்கு கிடைத்தது. இடைப்பூச்சு போனபோது அவனுக்குப் பங்கும் கிடைக்கவில்லை, தகவலும் கிடைக்கவில்லை. வித்தியாசம் அதுதான்.

சூரியனுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. கீழே எத்தனை அடுக்கு இருக்கிறது என்பதை மட்டும் அவன் தினந்தோறும் எண்ணிப் பார்க்கிறான். ஒன்று குறைந்தால் ஊரறியச் சொல்லிவிடுகிறான்.